மூன்று மணி நேரத்துக்கு ஒரு தட்டு

மேடையில் அமர்ந்திருக்கும் பொறியாளர் ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, அண்ணனின் இரங்கல் கூட்டத்துக்கு வேலையைப் போட்டது போட்டபடி வந்திருக்கும் ஊர் மக்களே! கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அண்ணனோடு பதினொரு வருடம் வேலை பார்த்தவன் நான். எனக்கு மேடைப் பேச்சு வராது. பத்தரை மணி வரை பேசுகிறேன். அதற்கு மேல் நேரமில்லை.

நம் ஆபரேட்டர் அண்ணன், நீங்கள் வாய் நிறைய அழைத்த ‘ஆத்து அண்ணன்’, என்ன சாதித்தார்? நம் வீட்டுச் சாக்கடையெல்லாம் அவர் தொட்டியில்தான் விழுந்தது. ஆற்றுக்குள் போகும்போது அது தண்ணீராகப் போனது! அங்கேதான் நம் பிள்ளைகள் நீந்துகிறார்கள். ஒருநாளாவது மூக்கைப் பிடித்தோமா?

அது எதன் மேல் நின்றது தெரியுமா? ஒரு மண்வெட்டிப் பிடித் துண்டின் மேல்! தொட்டிக்குக் காற்றடிக்கும் மோட்டாரை இறுக்கிப் பிடிக்கும் இரும்புத் தாங்கி உடைந்துபோனது. காற்று நின்றால் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். அண்ணன் மண்வெட்டிப் பிடியை வெட்டி ஆப்பாக அடித்தார். “ரெண்டு நாளைக்குத் தாங்கும்டா, அதுக்குள்ள புதுசு வந்துரும்,” என்றார். ஒன்பது வருடம் ஆகிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஆப்பு தளரும். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும்.

புதியது ஏன் வரவில்லை? சோதனைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆற்றை எட்டிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே ஓடுது?” என்றார்கள். நல்லாத்தான் ஓடியது ஐயா! ஓட்டியவர் எங்கே ஓடுவார்? “ஆப்ப அசைச்ச குரங்குக்கு வாலுதான்டா மாட்டுச்சு. அடிச்ச குரங்குக்கு முழு உடம்பும் மாட்டிக்கிச்சு,” என்று சிரிப்பார். நானும் சிரித்தேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஒரே ஒருமுறை விடுப்பு எடுத்தார், மகளின் திருமணத்துக்கு. சுத்தியலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். தளர்ந்துவிடுமோ என்ற பயத்தில் நான் ஓங்கி அடித்தேன், இறுக்கம் தாங்காமல் மோட்டார் பெல்ட் அறுந்தது. மறுநாள் கரையோரம் மீன்கள் வெள்ளை வயிற்றோடு மிதந்தன. கல்யாணச் சட்டையோடு ஓடி வந்தவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சுத்தியலை யாரிடமும் கொடுக்கவில்லை. அவரை அங்கே அடைத்து வைத்தது மேலிடம் மட்டுமா? நானும்தான்!

போன வாரம் நெஞ்சு வலி. டாக்டர் படுக்கச் சொன்னார். “ஒரு தட்டு தட்டிட்டு வந்து படுத்துக்கறேன்,” என்று கிளம்பிவிட்டார். நாங்கள் போய்ப் பார்த்தபோது அண்ணன் தரையில் கிடந்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

நேற்று அண்ணி என் கையைப் பிடித்து, “தம்பி, நீயாவது அந்தச் சுத்தியலத் தொடாத. உனக்கும் வீடு வாசல் இருக்கு,” என்றார்கள். தலையாட்டினேன்.

‘அவர் பணியைத் தொடர்வோம் என உறுதி ஏற்கிறோம்’ என்று எழுதிய தாளை என் கையில் கொடுத்திருக்கிறார்கள். புதிய தாங்கி பரிசீலனையில் இருக்கிறது என்று பொறியாளர் ஐயா சற்று முன் சொன்னார். இந்தத் தாளை வாசிக்கக் கூடாது என்ற முடிவோடுதான் நான் மேடை ஏறினேன்.

மணி பத்தரை ஆகப்போகிறது. காலை ஏழரைக்குத் தட்டியது நான்தான், அண்ணி. மன்னித்துவிடுங்கள். கொஞ்சம் வழி விடுங்கள், நான் போக வேண்டும்.