பூ மேல இருக்கற பேர்

மருமகள்: அத்தை, 'அழிச்சிடு, அழிச்சிடு'ன்னா எப்படி அழிக்கறது? அது அழுக்கு இல்ல. ஒருத்தரோட பேர்.

மாமியார்: பேரோ என்னவோ... செம்பருத்தி மேல சாம்பல் கொட்டின மாதிரி இருக்கு. இதைப் பார்த்துட்டு யார் செடி வாங்க வருவா?

மருமகள்: அதுக்கு வாட்டர்மார்க்னு பேர். படம் எடுத்தவர், 'இது என்னோடது, கேக்காம எடுக்காதே'ன்னு குறுக்க எழுதி வச்சிருக்கார். 'மழைக்காகம்'. நீங்க குடுத்த ஆறு படத்துலயும் இருக்கு.

மாமியார்: ஒரு காக்காயை விரட்டத் தெரியாதா உனக்கு? போன வாரம் உன் ஆபீஸ் வேலையில யாரோ ஒருத்தர் தலைக்குப் பின்னாடி நின்ன கரண்ட் கம்பத்தையே காணாம பண்ணினியே.

மருமகள்: அது எங்க ஆபீஸ்லயே எடுத்த படம். கம்பம் வந்து கேஸ் போடாது.

மாமியார்: எனக்கென்ன தெரியும். நாளன்னிக்கு மலர்க் கண்காட்சி. உன் மாமனார் போனதுக்கப்புறம் நர்சரி ஆரம்பிச்சு இப்பத்தான் முதல் தடவையா நமக்கு ஸ்டால் குடுத்திருக்காங்க. அச்சகத்துக்காரர் சாயங்காலத்துக்குள்ள ஃபைல் வேணும்னுட்டார். நோட்டீஸ் இல்லாம நான் மட்டும் போய் நின்னேன்னா...

மருமகள்: நோட்டீஸ் வரும். நான் பண்ணித் தரேன். படம் யாரோடதுன்னு மட்டும் சொல்லுங்க.

மாமியார்: நெட்லேர்ந்துதான்.

மருமகள்: நெட்ல எங்க?

மாமியார்: நெட்லதான். அங்கதான் எல்லாம் இருக்கே.

மருமகள்: இந்த ரோஜாவுக்குப் பின்னாடி பாருங்க. நம்ம பச்சை வலை. கிழிஞ்ச இடத்துல நீங்க நீலக் கயிறு போட்டுத் தச்சது அப்படியே தெரியுது. இது எப்படி நெட்டுக்குப் போச்சு?

மாமியார்: ...ஒரு வாடிக்கைக்காரர் எடுத்தார்.

மருமகள்: இப்பத்தான் நெட்னீங்க.

மாமியார்: வாடிக்கைக்காரர் எடுத்து... நெட்ல அனுப்பினார்.

மருமகள்: அப்போ பிரச்சினையே இல்லையே. அவரையே கேளுங்க. பேர் போடாத ஒரிஜினல் வச்சிருப்பார். நோட்டீஸ்ல போட்டுக்கறோம், போன்ல விளம்பரமா அனுப்பறோம், ரெண்டுக்கும் சம்மதமான்னு ஒரு வரி எழுதி வாங்கிடலாம். கீழ சின்னதா அவர் பேரும் போட்டுடறேன்.

மாமியார்: பேர் எதுக்கு? வேண்டாம்.

மருமகள்: ஏன்?

மாமியார்: அவர்... வெளிப்பகட்டு பிடிக்காதவர்.

மருமகள்: வெளிப்பகட்டு பிடிக்காதவரா இவ்ளோ பெரிசா எழுதியிருக்கார்? இதழே தெரியல அத்தை.

மாமியார்: நீ என்ன, போலீஸ் மாதிரி குடைஞ்சு குடைஞ்சு கேக்கறே. ஒரே ஒரு படத்துலயாவது அழிச்சுக் காட்டேன். எனக்காக.

மருமகள்: விளம்பரத்துல போட மாட்டேன். உங்களுக்குப் புரியணும்னு காட்டறேன், பாருங்க... இந்தாங்க. என்ன தெரியுது?

மாமியார்: எழுத்து போயிடுச்சே. நல்லாத்தானே இருக்கு.

மருமகள்: கிட்ட பாருங்க.

மாமியார்: ...இது என்ன பூ?

மருமகள்: உங்க செம்பருத்திதான். எழுத்து இருந்த இடத்துக்கு என்ன இருந்திருக்கும்னு மெஷின் அதுவா கற்பனை பண்ணிக்கிட்டது. ஒரு இதழ் கூடிப்போச்சு. நடுவுல இருக்கற குச்சி ரெண்டாப் பிரிஞ்சிருக்கு.

மாமியார்: ஐயோ, இந்த மாதிரி செடி நான் எங்க போய்க் கொண்டு வருவேன்?

மருமகள்: அதான் சொல்றேன். அடுத்தவர் பேரை அழிச்சது ஒரு தப்பு. இல்லாத பூவைக் காட்டி வாங்க வரவங்களை ஏமாத்தினது இன்னொரு தப்பு. போதாக்குறைக்கு இது சும்மா பார்க்கறதுக்குக் குடுத்த சின்னப் படம். பெரிசாக்கினா கட்டம் கட்டமா உடைஞ்சுடும். சரி, இதைத் தூக்கிப் போட்டுட்டேன். இப்போ போன் பண்ணுங்க அவருக்கு.

மாமியார்: நம்பர் இல்ல.

மருமகள்: படம் அனுப்பினார்னீங்களே, நம்பர் இல்லாம எப்படி...

மாமியார்: அடுப்புல பால் வச்சேன்.

மருமகள்: வைக்கல. இப்பத்தான் ரெண்டு பேரும் டீ குடிச்சோம். உட்காருங்க. சரி, இந்தக் கடைசி படத்துக்கு வருவோம். இதுக்கு இன்னொருத்தர் சம்மதமும் வேணும். ஆள் இருக்கறதால.

மாமியார்: எந்த ஆள்?

மருமகள்: யாரோ ஒரு அம்மா, தண்ணிக் குழாயைப் பிடிச்சுக்கிட்டு. மேல எழுத்து விழுந்ததால காலையில சரியா தெரியல, வேலை பார்க்க வந்தவங்கன்னு நினைச்சேன். புடவையை இழுத்துச் சொருகி, முகமெல்லாம் தண்ணி... இருங்க. அத்தை, இது நீங்க.

மாமியார்: நானா? அப்படியா? வெயில்ல ஏதோ...

மருமகள்: இப்படி வாய் விட்டுச் சிரிக்கறீங்க. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து ஒரு தடவைகூட நீங்க இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல.

மாமியார்: குழாய் திடீர்னு பீய்ச்சிடுச்சு. அதுக்குச் சிரிச்சேன்.

மருமகள்: குழாய் வீட்லயும்தான் பீய்ச்சுது. அன்னிக்கு பிளம்பரைத் திட்டினீங்க.

மாமியார்: அந்தப் படம் வேண்டாம். எடுத்துடு.

மருமகள்: ஆறுல இதுதான் அழகான படம். எனக்கு ஒண்ணுமே புரியல அத்தை. பயப்படறீங்களா, வெக்கப்படறீங்களா? அந்த ஆள் ஏதாவது தொந்தரவு குடுக்கறாரா? சொல்லுங்க, உங்க பிள்ளையை வரச் சொல்றேன்.

மாமியார்: சேச்சே. தங்கமான மனுஷன். அவனை எதுக்கு ஆபீஸ்லேர்ந்து வரச் சொல்றே?

மருமகள்: பின்ன ஏன் கேக்க மாட்டேங்கறீங்க? போகட்டும், நானே காலையில கேட்டுட்டேன்.

மாமியார்: யாரை?

மருமகள்: மழைக்காகத்தை. பேரைப் போட்டுத் தேடினேன், படம் போடற பக்கம் ஒண்ணு இருந்தது. முகம் இல்ல, நனைஞ்ச காக்கா ஒண்ணுதான் இருந்தது. 'ஒரு நர்சரி விளம்பரத்துக்கு உங்கள் படங்கள் வந்திருக்கின்றன, பயன்படுத்த அனுமதி வேண்டும்'னு ஆபீஸ் பேர்ல எழுதிப் போட்டேன்.

மாமியார்: எழுதிட்டியா? என்னைக் கேக்காம...

மருமகள்: இருங்க, பதில் வந்திருக்கு. 'படத்தைக் கொடுத்தவரிடம் ஒரு நிபந்தனை சொல்லியிருந்தேன். அதை நிறைவேற்றினாரா என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லாவிட்டால் இந்த எண்ணில் அழையுங்கள்.' என்ன நிபந்தனை?

மாமியார்: போன் பண்ணாதே.

மருமகள்: எவ்ளோ கேட்டாராம்?

மாமியார்: காசெல்லாம் இல்லம்மா. போன் பண்ணாதே, கொஞ்சம் இரு. நானே...

மருமகள்: அடிச்சிட்டேன்... இது என்ன, ஸ்க்ரீன்ல 'அப்பா'ன்னு வருது. நம்பர் தப்பு போல. கட் பண்ணிட்டு மறுபடியும்... ஒண்ணொண்ணா பார்த்துத்தான் அடிச்சேன். இப்பவும் 'அப்பா'தான்.

மாமியார்: சரியாத்தான் அடிச்சிருக்கேம்மா. கட் பண்ணு.

மருமகள்: எங்கப்பாவா? எங்கப்பா... மழைக்காகமா?

மாமியார்: தண்ணி குடி முதல்ல.

மருமகள்: அம்மா போன அன்னிக்கு கேமராவை அலமாரில வச்சுப் பூட்டினவர் அத்தை அவர். தூசி தட்டக்கூட என்னை விட மாட்டார். நான் வாரா வாரம் போறேன். சமைச்சு வச்சுட்டு வரேன். 'எப்படிப்பா இருக்கீங்க'ன்னா, 'வாக்கிங் போறேன், பேப்பர் படிக்கறேன்'பார்.

மாமியார்: வாக்கிங்தான். நம்ம நர்சரி வரைக்கும்.

மருமகள்: எப்பலேர்ந்து?

மாமியார்: ஒரு ரோஜாக் கன்னு வாங்க வந்தார். சம்பந்தியாச்சே, காசு வேண்டாம்னேன். கொஞ்ச நாள்ல அது பட்டுப்போச்சுன்னு திரும்ப வந்தார். வேற குடுத்தேன். அப்புறம் ஒரு நாள், பட்டுப்போகாத செடியையே பட்டுப்போச்சுன்னு சொல்லிக்கிட்டு வந்தார்.

மருமகள்: உங்களுக்கு எப்படித் தெரியும், பட்டுப்போகலன்னு?

மாமியார்: அவர் செருப்புல அந்தச் செடியோட பூவிதழ் ஒட்டிக்கிட்டிருந்தது. நான் ஒண்ணும் கேக்கல. அன்னிக்கு நல்ல மழை. ஷெட்டுக்குள்ள நின்னோம். எதிர் கம்பியில ஒரு காக்கா நனைஞ்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தது, பறக்கவும் இல்ல, ஒதுங்கவும் இல்ல. 'பாருங்க, என்னை மாதிரியே ஒண்ணு'ன்னார். எனக்கு மனசு கேக்கல. 'படமாவது எடுத்து வைங்களேன், துணைக்கு இருக்கும்'னேன். மறுநாள் கேமராவோட வந்தார்.

மருமகள்: இதை ஏன் எங்கிட்ட மறைக்கணும்? நான் சந்தோஷப்பட மாட்டேனா?

மாமியார்: அவரும் அதைத்தான் சொன்னார். தினமும் இதே பேச்சுதான், 'உங்க மருமககிட்ட சொல்லிடுங்க, நான் சொன்னா அழுவா, நீங்க சொன்னா கேப்பா'ன்னு. நான் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே வந்தேன். நோட்டீஸுக்கு நல்ல படம் கேட்டப்போ பிடிச்சுக்கிட்டார். 'சொல்லிட்டு வாங்க, ஒரிஜினல் தரேன்'னு, எல்லாத்துலயும் குறுக்க பேரை எழுதி அனுப்பிட்டார்.

மருமகள்: படம் எடுக்கறதைச் சொல்றதுக்கா இவ்ளோ நிபந்தனை? இதுல சொல்றதுக்கு என்ன... அத்தை?

மாமியார்: போன் அடிக்குது பாரு.

மருமகள்: ஸ்பீக்கர்ல போடறேன். நீங்க பேசாதீங்க.

அப்பா: என்னம்மா, ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கே. நான் எடுக்கறதுக்குள்ள கட் ஆயிடுச்சு.

மருமகள்: வணக்கம் சார். நர்சரி நோட்டீஸ் பண்ற டிசைனர் பேசறேன். உங்க படம் ஆறு வாட்டர்மார்க்கோட வந்திருக்கு. போட்டுக்கலாமான்னு கேக்கணும்.

அப்பா: ...காலையில எழுதினது நீதானா?

மருமகள்: ஆமா.

அப்பா: அவங்க சொல்லிட்டாங்களா?

மருமகள்: ரோஜா, மழை, காக்கா வரைக்கும் வந்திருக்கோம்.

அப்பா: அதுக்கு மேல?

மாமியார்: நான் இன்னும் சொல்லல.

அப்பா: ஓ... பக்கத்துலதான் இருக்கீங்களா. சரி, அப்போ நானே...

மாமியார்: நீங்க இருங்க.

மருமகள்: ரெண்டு பேரும் இருந்துக்கிட்டே இருந்தா எப்படி? எனக்குத் தலை சுத்துது. நானே கேக்கறேன். சேர்ந்து இருக்கணும்னு நினைக்கறீங்களா? அதானா?

அப்பா: ஆமாம்மா.

மருமகள்: கொஞ்சம் பொறுங்க. எங்கப்பா, என் மாமியார். அப்போ நான் உங்களை அத்தைன்னு கூப்பிடறதா, அம்மான்னு கூப்பிடறதா? இவர் எனக்கு அப்பாவா, மாமனாரா? உங்க பிள்ளை எனக்கு... வேண்டாம், அதை யோசிக்கவே வேண்டாம்.

அப்பா: அவரு என்னை மாமான்னே கூப்பிடட்டும்மா. அதுல ஒண்ணும் இடிக்காது.

மருமகள்: சிரிக்க வைக்காதீங்கப்பா. எனக்குக் கோபமா இருக்கு. இல்ல, கோபமான்னும் தெரியல. அழுகை வருது, யாருக்காகன்னு தெரியல. அம்மாவுக்காகன்னு நினைச்சா, அத்தை அந்தக் குழாயைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கறது வந்து முன்னாடி நிக்குது.

அப்பா: அன்னிக்கு நானும் சிரிச்சுட்டேன். அதான் படம் கொஞ்சம் ஆடியிருக்கும்.

மருமகள்: ஒரு பூப்படம் போடறதுக்கே நான் காலையிலேர்ந்து சம்மதம் கேட்டு அலையறேன். எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு உங்களுக்குத் தோணல பாருங்க.

மாமியார்: தப்புதாம்மா.

மருமகள்: அழாதீங்க. நீங்களும் அழுதா நான் யாரைப் பார்க்கறது? நான் வேண்டாம்னு சொல்லலையே. அவர் வந்ததும் நான் பேசறேன். கொஞ்சம் குதிப்பார், அப்புறம் அடங்கிடுவார். ஊர் பேசும். பேசட்டும். கல்யாணத்தை முறையா பதிவு பண்ணிக்குங்க, நாங்க ரெண்டு பேரும் சாட்சிக் கையெழுத்துப் போடறோம்.

அப்பா: ...ஒரிஜினல் அனுப்பிடட்டுமாம்மா? அச்சகத்துக்கு நேரமாகுது.

மருமகள்: பேச்சை மாத்தாதீங்க. எப்போன்னு நாள் ஏதாவது பார்த்திருக்கீங்களா?

அப்பா: அதை அவங்கதான் சொல்லணும். அதுக்காகத்தான் ஒரிஜினலைப் பிடிச்சு வச்சிருக்கேன்.

மருமகள்: அத்தை... எப்போ?

மாமியார்: கேட்டு, நீங்க வேண்டாம்னுட்டா அதுக்கப்புறம் எனக்கு தைரியமே வராதுன்னு பயந்துட்டேன்... போன மாசமே பதிவு பண்ணிட்டோம்மா.