ஏழாம் விதியும் எரிந்த கம்பியும்

மேடையின் நடுநாற்காலியில் அமர்ந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரம் பார்க்கத் தொடங்கிவிட்ட, விநியோக ஊழியர் சங்கத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே. வண்டியில் மேப் பெட்டி மாட்டும் இருநூறு ஹோல்டர்களை இலவசமாகக் கொண்டுவந்து இறக்கியிருக்கும் நிறுவனத்தின் மேலாளர் அவர்களே. இந்தத் தொழிலில் முதுகெலும்பு தேய்ந்த மூத்தவர்களே. ஒரு கண்ணை மேடையிலும் மறு கண்ணை வாசலில் நிற்கும் வண்டியிலும் வைத்திருக்கும் தோழர்களே. வண்டி கிளம்பும் ஓசையிலிருந்து திரும்பும் ஓசை வரை காதைத் தெருவிலேயே வைத்திருக்கும் தாய்மார்களே. நான்காவது வரிசையில், வலக்கையில் கட்டுடன் அமர்ந்திருக்கும் என் நண்பரே! அனைவருக்கும் வணக்கம்.

ஹோல்டரைப் பாராட்டிப் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டதைச் செய்வது என் வழக்கம். எனவே பாராட்டுகிறேன்.

நல்ல ஹோல்டர். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கிறது. வழி காட்டும் மேப் பெட்டியை ஆடாமல் வைக்கிறது. அசையாது, அதிராது, அவிழாது. ஆனால் இந்தப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால், பெட்டி அலுங்காமல் கையோடு வந்துவிடுகிறது. பாருங்கள். ஒரே அழுத்து.

இந்த ஒரே அழுத்து ஏன் இப்போது வந்தது? ஏன் நான்கு மாதங்களுக்கு முன் வரவில்லை?

அதைச் சொல்லத்தான் வந்தேன்.

உங்கள் சட்டைப்பையில் நிறுவனத்தின் விதிப்புத்தகம் இருக்கும். அதில் ஏழாம் விதி. பார்க்க வேண்டாம், மனப்பாடமாகச் சொல்கிறேன். 'கருவிக்கான மின் இணைப்பை ஊழியர் தம் பொறுப்பில் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கருவி தொடர்ந்து தொண்ணூறு நொடிகள் அணைந்திருப்பின், அக்கணம் முதல் ஊழியர் பணியில் இல்லை எனக் கொள்ளப்படும்.'

கருவி என்பது இந்த மேப் பெட்டி. எப்படி மனப்பாடம் என்கிறீர்களா? அதை எழுதியவன் நான்.

சலசலப்பு நியாயமானது. சற்றுப் பொறுங்கள். அன்று நான் நிறுவனத்தின் சட்டப் பிரிவில் இருந்தேன். இன்று இல்லை. குளிரூட்டிய அறையில், குஷன் நாற்காலியில், கூர்மையான பென்சிலால் எழுதினேன். கமா சரியாக இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். கம்பி எங்கே போகும் என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

விதி எழுதியவனுக்குத் தெரியாதது, வண்டி ஓட்டுபவனுக்குத் தெரியும். சாவி லைனில் இணைத்தால், சாவியைத் திருகியதும் பெட்டி செத்துவிடும். ஒவ்வொரு வாசலிலும் சாவியைத் திருகித்தானே ஆக வேண்டும்? மூன்று மாடி ஏறி இறங்க எத்தனை நொடி? தொண்ணூறுக்குள் இறங்கிய வீரர் யாராவது இங்கே உண்டா?

'லிஃப்ட் இருந்தா சார்' என்கிறார் பின்னால் ஒருவர். லிஃப்ட் இருக்கும் ஐயா. உங்களை அதில் ஏற விடுவார்களா? சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே எல்லாரும் பேட்டரியிலிருந்தே நேராக லைன் எடுத்தீர்கள். நடுவில் ஒரு ஃபியூஸ். அதுவும் மழையில் போகும், பள்ளத்தில் போகும். போனால் பெட்டி அணையும். அணைந்தால் ஆள் இல்லை. எனவே போன ஃபியூஸின் மேல் மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றி, திரும்பச் செருகினீர்கள். எத்தனை பேர் அப்படிச் செய்திருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம், மேலாளர் இருக்கிறார். இது கட்டணமில்லாச் சட்ட ஆலோசனை.

நான்காவது வரிசை நண்பருக்கு நீங்கள் வைத்த பெயர் நிதானம். ஒன்பது ஆண்டில் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர். கிடங்குக்கு எதிரே மின்வேலைப் பட்டறை நடத்தும் பெண்மணியை, வயரிங் அக்கா என்கிறீர்களே, அவரிடம்தான் முதலில் போனார். நடந்ததை அக்கா என்னிடம் சொன்னபடியே சொல்கிறேன்.

"அக்கா, ஃபியூஸை எடுத்துட்டு நேரா போட்டுக் குடு."

"ஏன்டா, வீட்ல சண்டையா?"

"இல்லக்கா. இந்த மாசம் நாலு தடவை போயிடுச்சு."

"ஃபியூஸ் போனா வண்டியைக் காப்பாத்துதுன்னு அர்த்தம்டா மடையா. கம்பி எங்கேயோ உரசுது. சாயங்காலம் விட்டுட்டுப் போ, தேடிப் பாக்கறேன்."

"வண்டியை விட்டுட்டு நான் என்னத்தை ஓட்டுறது? வண்டி நின்னாக்கூடத் தள்ளிட்டு வந்துடுவேன்க்கா. பொட்டி நின்னா நான் வேலைக்கே வரலைன்னு எழுதிடுறான்."

"வெள்ளித்தாள் சுத்துற வேலை நான் செய்யமாட்டேன். போய்ட்டு வா."

அக்கா செய்யவில்லை. நண்பர் தாமே செய்துகொண்டார்.

ஹேண்டில்பார் திரும்பும் கழுத்தில் கம்பி உரசிக்கொண்டே இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை திருப்பம்? ஒரு திருப்பத்துக்கு ஒரு மயிரிழை. மேலுறை தேய்ந்தது, செம்பு தெரிந்தது, நான்கு மாதங்களுக்கு முன் ஒருநாள் பிற்பகல் இரும்பைத் தொட்டது. ஃபியூஸ் இருந்திருந்தால் அது மட்டும் எரிந்திருக்கும். வெள்ளித்தாள் எரியாது. எனவே கம்பி எரிந்தது.

இரண்டு நாற்பத்தொன்றுக்குப் பெட்டி அணைந்தது. டேங்கின் அடியில் புகை. நிதானம் வண்டியை ஓரம் கட்டினார். முதலில் என்ன செய்தார் தெரியுமா? வண்டியின் பின்னால் இருந்த ஆறு பார்சல்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, மதில்மேல் அடுக்கினார். எதிர்க்கடைக் கேமராவில் எல்லாம் இருக்கிறது. அடுக்கி முடிக்க இரண்டு நிமிடம். பிறகு மேப் பெட்டியைக் கழற்றப் போனார். பழைய ஹோல்டரின் தாழ் உடைந்து, ரப்பர் டியூப் போட்டுக் கட்டியிருந்தார். முடிச்சு அவிழவில்லை. அதற்குள் தீ மேலே வந்துவிட்டது.

மருத்துவமனையில் கேட்டேன். "எரியிற வண்டியில ஏன்ப்பா கையை வச்சே?"

"பொட்டியைக் கழட்டி பவர் பேங்க்ல சொருகிட்டா ஆன் ஆயிடும் சார். டியூட்டில இருக்கேன்னு காட்டிடும்ல?"

அவையோரே, வேலையில் இருப்பதாகக் காட்டிக்கொள்ளத்தான் அந்தக் கை தீக்குள் போனது. வேலையில் இருந்தவரின் கை!

நிறுவனம் என்ன எழுதியது? பெட்டி அணைந்தது 2:41. தொண்ணூறு நொடி கடந்தது. கை எரிந்தது 2:43. ஆகவே, ஏழாம் விதிப்படி, கை எரிந்தபோது ஊழியர் பணியில் இல்லை. பார்சலை விட்டுவிட்டுப் பெட்டியைத் தொட்டிருந்தால் அவர் ஊழியர். பார்சலைக் காப்பாற்றியதால் வழிப்போக்கர். விரல்களுக்கு இன்னும் இரண்டு அறுவைச் சிகிச்சை பாக்கி. வழிப்போக்கருக்கு நிறுவனம் ஏன் சிகிச்சை செய்யும்? வேலை ஏன் தரும்?

'எனக் கொள்ளப்படும்.' இரண்டே சொல். வெயிலில் வேர்த்து நிற்கும் மனிதனை இல்லாதவனாக்க, எனக்கு இரண்டு சொல் போதுமானதாக இருந்தது.

பட்டறைக்குப் போனேன். அக்கா அந்தக் கருகிய கம்பியை என் உள்ளங்கையில் வைத்தார். "இதை எழுதின மகராசன் வண்டி ஓட்டுவாரா சார்?" என்றார். "கார்ல போவார்மா. நான்தான் எழுதினேன்" என்றேன். அவர் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார். "அப்ப உக்காருங்க. முன்னாடியே வந்திருக்கணும்" என்று சொல்லி, ஒரு வண்டியைப் பிரித்து, கம்பி போகும் வழி முழுக்கக் காட்டினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிடத்தை எழுதுவதற்கு முன் நான் செலவழித்திருக்க வேண்டும்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார்: 'ஹோல்டர் பற்றி மட்டும்.' ஹோல்டர் பற்றித்தான் பேசுகிறேன் ஐயா. ஒரே அழுத்தில் கழலும் ஹோல்டர், பெட்டி எரிந்த பிறகு வந்தது. பெட்டி எரிந்ததில் நிறுவனம் பாடம் கற்றது. கை எரிந்ததில் என்ன கற்றது? இருநூறு ஹோல்டரில் ஒன்றுக்காவது ஃபியூஸ் வைத்த கம்பி உண்டா? தனி பேட்டரி உண்டா? தொண்ணூறு நொடியில் ஒரு நொடி கூடியதா?

நாளை மறுநாள் காலை பத்தரைக்கு நண்பரின் வழக்கு விசாரணை. நான் சாட்சியாகப் போகிறேன். எச்சரிக்கையோடு சொல்கிறேன்: நிறுவனம் என்னிடம் சொன்னவை நிறுவனத்துக்குச் சொந்தம், அவற்றில் ஒரு சொல்லும் என் வாயிலிருந்து வராது. ஆனால் எழுதியது நான் என்பது புத்தகத்திலேயே இருக்கிறது. நான் கேட்காமல் விட்டவை எனக்கே சொந்தம். வண்டி தீப்பற்றினால் என்ன என்று கேட்கவில்லை. மாடி ஏறினால் என்ன என்று கேட்கவில்லை. விதிவிலக்கு எழுத அந்தப் பக்கத்தில் நான்கு வரி இடம் வெறுமையாகக் கிடந்தது. அதைச் சொல்வேன். வெற்றி வருமா? தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்று வெளியே போனதும் வண்டியின் சீட்டைத் தூக்குங்கள். வெள்ளித்தாளை எடுத்து எறியுங்கள். ஃபியூஸ் போனால் வரவில்லை என்று எழுதட்டும். இருநூறு பேரும் ஒரே நாளில் வரவில்லை என்று எழுதினால், பார்சல் எல்லாம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று நிறுவனமே விளக்கட்டும்.

எனக்கும் ஒரு ஹோல்டர் பரிசளித்தார்கள். எனக்கு வண்டி இல்லை. நண்பருக்குத் தரலாம் என்று நினைத்தேன். இதை மாட்ட இரண்டு கை வேண்டும். ஒன்று பிடிக்க, ஒன்று திருக. எனவே மேலாளர் முன்னாலேயே வைத்துவிடுகிறேன்.

கடிகாரம் பார்த்தும் மைக்கை அணைக்காத தலைவருக்கும், எழுந்து போகாமல் இருந்த மேலாளருக்கும், கல்லெறியாமல் கேட்ட உங்களுக்கும் நன்றி. நான் இரு கை கூப்பி வணங்குகிறேன். நான்காவது வரிசையில் அவர் ஒரு கையை உயர்த்துகிறார், பாருங்கள். அது முழு வணக்கம் எனக் கொள்ளப்படும்.