ரொட்டிக்குள்ள இருந்த பொத்தான்

ரொட்டிக்குள்ள பொத்தான் இருந்துச்சு. தபால்காரர் கடிச்சாரு, முன்பல்லு பாதி போச்சு. நடந்தது அவ்வளவுதான் சார். அதை ஊரே பேசற கதையாக்கினது எங்க மாப்பிள்ளை.

உக்காருங்க. உங்க ரொட்டி அடுப்புல இருக்கு, பத்து நிமிஷம். அவசரமா? எல்லாருக்கும்தான் அவசரம்.

மாப்பிள்ளைக்கு என்ன வேலை தெரியுமா? மக்கள் தொடர்பு. பெரிய கம்பெனி தப்பு பண்ணினா இவர் போய்ப் பேசுவாராம். ஏன், தப்பு பண்ணினவனுக்கு வாய் இல்லையா? கேட்டேன். "இப்ப உலகமே இப்படித்தான் மாமா"ன்னாரு. மாப்பிள்ளையாச்சே... பல்லைக் கடிச்சுக்கிட்டேன். எனக்காவது கடிக்கப் பல்லு இருக்கு.

முதல்ல கதவுல ஒரு அறிக்கை ஒட்டினாரு. 'வாடிக்கையாளர் ஒருவருக்கு ஏற்பட்ட எதிர்பாராத அனுபவம் குறித்து வருந்துகிறோம்.' பல்லு உடைஞ்சது அனுபவமா? தபால்காரர் நின்னு படிச்சாரு. ரெண்டு தடவை. அப்புறம் கடிதம் குடுக்கற வீட்டுலல்லாம் வாயைத் திறந்து காட்டிட்டுப் போனாரு. அவரை விடவா மக்கள் தொடர்பு? ஒரு நாளைக்கு முந்நூறு வீடு!

நாலு நாள் ஒரு ரொட்டிகூட விக்கலை. அஞ்சாம் நாள் அடுப்பை அணைச்சேன். முப்பது வருஷத்துல முதல் தடவை.

உடனே போட்டோவாம். "உங்க முகத்தைப் பாத்தா நம்பிக்கை வரும் மாமா." என் முகத்தையா! சிரிக்காதீங்க சார். மாவு பிசையற மாதிரி நிக்க வெச்சு எடுத்து, ஆள் உயரத்துக்கு அச்சடிச்சு, வாசல்ல மாட்டியாச்சு. 'எங்கள் கைகளில் உங்கள் நலம்.'

மறுநாள் காலையில வாசல்ல கூட்டம். ஆகா, சாதிச்சுட்டாரேன்னு ஓடறேன்... எல்லாரும் படத்துல என் வயித்தைப் பாக்கறாங்க. சட்டையில நாலாவது பொத்தான் இல்லை. நூல் தொங்குது. தபால்காரர் பைக்குள்ளேருந்து அந்தப் பொத்தானை எடுத்து, படத்துல வெச்சுக் காட்டறாரு. கச்சிதமாப் பொருந்துது!

ஆமா... என்னோடதுதான். சட்டைக்கு மேல அங்கி போடுங்கன்னு வீட்டுல தினமும் சொல்லுவா. புழுங்குதுன்னு போட மாட்டேன். மாவு பிசையறப்போ பொத்தான் விழுந்தது அன்னைக்கே தெரியும். தேடினேன், கிடைக்கலை. அடுப்புல வெச்சுட்டேன். மாப்பிள்ளைகிட்ட சொல்லலை. அவரும் கேக்கலை. அவங்க தொழில்ல அதை மட்டும் கேக்க மாட்டாங்களாம்.

அவர் அடுத்த அறிக்கைக்கு உக்காந்தாரு. வீட்டுக்காரி வந்து பேனாவைப் பிடுங்கினா. என்னை ஒரு பார்வை பாத்தா. எல்லாத்தையும் சொல்லிட்டேன். "சட்டையைக் கழட்டுங்க"ன்னா. அதை எடுத்துக்கிட்டு நேரா தபால்காரர் வீடு. "பொத்தான் இவரோடது. தெரிஞ்சும் வாயைத் திறக்கலை. தப்பு எங்களோடது. பல்லு நாங்க கட்டித் தர்றோம். பொத்தானைக் குடுங்க, தெக்கணும்." அவ்வளவுதான் பேச்சு. நான் பின்னால பனியனோட நிக்கறேன். அந்த மனுஷன் பாதிப் பல்லோட சிரிச்சாரே ஒரு சிரிப்பு!

மறுநாள் அவரே முந்நூறு வீட்டுலயும் சொல்லிட்டாரு. அடுப்பு மறுபடி எரியுது.

இந்தாங்க உங்க ரொட்டி. என்ன, பிச்சுப் பாக்கறீங்களா? நல்லாப் பாருங்க. வேணும்னா இந்தப் பொத்தானையும் இழுத்துப் பாருங்க, அசையாது. ஏழு சுத்து நூல்.

தெச்சதா? என் வீட்டுக்காரி.