எது தோற்றது என்று கேட்டவர்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் பதிப்பக உரிமையாளர் ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மாமா அவர்களே, அவர் தோளில் சாய்ந்திருக்கும் மகளே, வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் அலுவலகத் தோழர்களே, எங்கள் தொலைபேசிக்கு ஆண்டு முழுவதும் பயந்தும் இன்று நேரிலேயே வந்திருக்கும் நிறுவன அதிகாரிகளே! அனைவருக்கும் வணக்கம். ஒரு நல்ல காரியத்துக்காக இப்படி எல்லோரும் ஒன்றுசேர நமக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நம் ஆய்வுப் பிரிவின் தலைவர் இப்போது இல்லை. எங்களுக்கு அவர் பெரியக்கா. வெளியில் அவருக்கு வேறொரு பெயர் உண்டு. இங்கே அமர்ந்திருக்கும் அதிகாரிகள் தலையைக் குனிய வேண்டாம், அது அவருக்கும் தெரியும். ‘போன் பேய்’ என்றுதானே சொல்வீர்கள்? அவர் கோபப்பட்டதே இல்லை. உங்களை அழைத்து, நீங்கள் எடுத்ததும், “வணக்கம், பேய் பேசுறேன். நேரம் இருக்கா?” என்றுதான் ஆரம்பிப்பார். பேயிடம் நேரமில்லை என்று சொல்லிவிட்டு யாரால் நிம்மதியாக இருக்க முடியும்?

எங்கள் வேலையை அறியாத உறவினர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்காகச் சொல்கிறேன். உலகத்தில் மருந்து செய்கிறவர்கள், கார் செய்கிறவர்கள், கணினிச் சில்லு செய்கிறவர்கள், உரம் செய்கிறவர்கள் என்று எல்லாப் பெரிய நிறுவனங்களும் புதியதைக் கண்டுபிடிக்க எவ்வளவு செலவழிக்கின்றன என்று ஆண்டுதோறும் நாங்கள் ஒரு புத்தகம் போடுகிறோம். அதில் மேலே இருப்பவர்களுக்கு முதலீடு வரும், அரசாங்கத்தின் வரிச் சலுகை கிடைக்கும், கெட்டிக்காரப் பிள்ளைகள் வேலை கேட்டு வருவார்கள். அப்படியென்றால் எல்லோரும் என்ன செய்வார்கள்? கையில் அகப்பட்ட செலவை எல்லாம் ஆராய்ச்சி என்று எழுதுவார்கள்! விற்பனைக் கூடத்துக்கு வெள்ளையடித்தால் ஆராய்ச்சி. பாட்டில் மூடியின் நிறத்தை மாற்றினால் ஆராய்ச்சி. முதலாளி குடும்பத்தோடு வெளிநாடு போய்வந்தால் அது மாபெரும் ஆராய்ச்சி!

இந்தக் குப்பையில் உண்மையை எப்படிப் பிரிப்பது? பெரிய பெரிய கணக்காளர்கள் திணறிய இடம் இது. பெரியக்காவிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது. கூட்டல் கழித்தல் எதையும் கேட்க மாட்டார். “இந்தப் பணத்துல இந்த வருஷம் உங்ககிட்ட எது தோத்துச்சு?” என்று கேட்பார். தேடுகிறவன் நூறு இடத்தில் இடறி விழுந்திருப்பான் என்பது அவர் கணக்கு. எதுவுமே தோற்கவில்லை என்று சொல்கிறவன் எதையுமே தேடவில்லை. அவன் செலவை எங்கள் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுவார். தோற்றதைச் சொன்னவர்களுக்கு, செலவுக்குப் பக்கத்திலேயே ‘தோற்றவை’ என்று ஒரு பத்தி இருக்கும். உலகத்தில் வேறு எந்தப் பட்டியலிலும் அந்தப் பத்தி இல்லை.

ஒரு கார் நிறுவனம் தன் புது வண்டியை அறிமுகப்படுத்திய விழாவை ஆராய்ச்சியில் சேர்த்திருந்தது. அக்கா கேட்டார்: “பாட்டுக் கச்சேரியில என்னங்க கண்டுபிடிச்சீங்க?” அந்த அதிகாரி அசரவில்லை. “மக்களோட மனசைக் கண்டுபிடிச்சோம் மேடம்,” என்றார். “ரொம்ப சந்தோஷம். அதுல எது தோத்துச்சு?” மறுமுனையில் காகிதங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “மைக் வேலை செய்யல மேடம்,” என்று பதில் வந்தது. அலுவலகமே சிரித்தது. அக்கா சிரிக்காமல் அந்தச் செலவை அடித்தார்.

இன்னொரு நாள், சில்லு செய்கிற ஒரு நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவி பேசினார். எது தோற்றது என்று கேட்டதும் அந்த அம்மா மடை திறந்த மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டார். எந்தக் கலவை உருகியது, எந்தத் தகடு விரிசல் விட்டது, எவன் சொன்ன யோசனையால் ஒரு பருவமே வீணானது, எல்லாம்! அக்காவுக்கு மதியச் சாப்பாடு ஆறிப்போனது. போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்து, “இவங்கதான்டா உண்மையாத் தேடுறவங்க. தோத்ததைச் சொல்லும்போது குரல்ல எவ்வளவு ஆசை பாத்தீங்களா?” என்றார். அன்று அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை அவருடைய பதவி உயர்வு நாளில்கூட நான் பார்க்கவில்லை.

வீட்டிலும் இதே கேள்விதான். மாமா சமைத்து வைத்துவிட்டுக் காத்திருப்பார். அக்கா செருப்பைக் கழற்றும்போதே, “இன்னிக்கு எது சொதப்புச்சு?” என்பார். மாமா, “நீ வர்ற நேரம்தான்,” என்பார். மாமா, சரியாகத்தானே சொல்கிறேன்?

நண்பர்களே, இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். ஆனால் யாருக்காக இந்தக் கூட்டம்? எது தோற்றது என்று உலகத்தையே கேட்டவருக்காக! அவரிடம் எது தோற்றது என்று சொல்லாமல் நான் இறங்கினால் அவரே என்னை விடமாட்டார்.

மின்கலம் செய்யும் ஒரு நடுத்தர நிறுவனம். பெரியது ஒன்றுமில்லை, ஆனால் நல்ல ஆராய்ச்சிக்கூடம். அந்தக் கூடத்தின் தலைவரை அக்கா வழக்கம்போல அழைத்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். “எங்ககிட்ட எதுவுமே தோக்கல மேடம். எல்லாமே வெற்றிதான்,” என்றார் அவர். இன்னொரு முறை கேட்டார். அதே பதில். அக்கா நன்றி சொல்லிவிட்டு அந்த நிறுவனத்தின் ஆராய்ச்சிச் செலவை முழுவதுமாக எடுத்துவிட்டார். புத்தகம் வெளியானது. அந்த நிறுவனத்தின் முதலாளி தன் ஆட்களைக் கூப்பிட்டார். “உலகப் பட்டியல்லயே வராத ஆராய்ச்சிக்கு எதுக்கு இவ்வளவு பணம்?” என்று கேட்டார். கூடத்தை இழுத்து மூடினார். அங்கிருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

உண்மை பிறகுதான் தெரிந்தது. தோல்வி என்ற சொல்லைக் கேட்டாலே ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடும் முதலாளி அவர். அக்கா அழைத்தபோது அந்த முதலாளி அதே அறையில்தான் இருந்தார். போன் ஒலிபெருக்கியில் இருந்தது. பாவம், அந்த மனிதர் வேறென்ன சொல்லியிருக்க முடியும்? அந்தக் கூடத்தின் அலமாரி நிறைய வெடித்த மின்கலங்களும் வீங்கிய மின்கலங்களும் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஏன் கெட்டது என்று சீட்டு ஒட்டியிருந்தது. பட்டியலில் இருக்க அவர்களைவிடத் தகுதியானவர்கள் எத்தனை பேர்? வெள்ளையடித்தவர்களைப் பிடிக்கச் செய்த வலையில், உண்மையாக உழைத்தவர்கள் சிக்கிக்கொண்டார்கள். வலையை வீசியவர் எங்கள் பெரியக்கா.

அவர் நொறுங்கிப்போனார். விசாரித்து, அந்த ஆராய்ச்சித் தலைவரின் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். அவர் கதவைப் பாதி திறந்து, “இப்ப எதுக்கு வந்தீங்க? கேள்வி கேக்கவா?” என்றார். அக்கா, “இல்ல சார். என்கிட்ட தோத்ததைச் சொல்ல வந்தேன்,” என்றார். அவர் கதவைச் சாத்திவிட்டார். அக்கா படியிலேயே கொஞ்ச நேரம் நின்றார். அழுதார். பிறகு நாங்கள் பேருந்தில் திரும்பினோம்.

அடுத்த ஆண்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவர் தன் தவற்றைத் தன் பெயரிலேயே எழுதினார். யாரும் கேட்கவில்லை, உரிமையாளர் ஐயா வேண்டாம் என்றுகூடச் சொன்னார். அதற்குப் பிறகு முதலாளி கூட இருக்கும்போது அக்கா யாரிடமும் பேசியதில்லை. முடிந்த இடத்துக்கெல்லாம் நேரில் போனார். வரவேற்பறையில் காப்பியைக் கொடுத்து உட்கார வைத்தால், “காப்பி இருக்கட்டும், உங்க குப்பைத் தொட்டி எங்கே?” என்பார். கூடம் மட்டும் திரும்பத் திறக்கவில்லை. எத்தனை திருத்தம் எழுதினாலும் மூடிய கதவு திறக்குமா?

அந்த மனிதர் இன்று இந்த அரங்கத்துக்கு வந்திருக்கிறார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம், அவருக்குச் சங்கடமாக இருக்கும். உள்ளே வரும்போது அவர் என்னிடம் சொன்னதைச் சொல்ல அனுமதி வாங்கியிருக்கிறேன். “மன்னிச்சிட்டேன்னு சொல்ல நான் வரல. எனக்கு இன்னும் கோபம் தீரல. ஆனா நான் தோத்ததைப் பத்திக் கேக்குறதுக்கு உலகத்துல அந்த அம்மா ஒருத்தர்தான் இருந்தாங்க,” என்றார். ஐயா, நீங்கள் மன்னிக்க வேண்டாம். வந்தீர்களே, அது போதும்.

இப்போது மேடையில் இருப்பவரிடம் பேச வேண்டும். உரிமையாளர் ஐயா, கூட்டத்துக்கு முன் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நாலு வார்த்தை நல்லதா சொல்லுப்பா, அவங்க பேர்ல ஒரு விருது அறிவிக்கிறேன்,” என்றீர்கள். நன்றி. ஆனால் இந்த ஆண்டு முதல் நிறுவனங்களே தங்கள் செலவை இணையத்தில் நிரப்பினால் போதும், யாரும் போன் செய்ய வேண்டாம், ‘தோற்றவை’ என்ற பத்தியும் வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்திருப்பதும் எங்களுக்குத் தெரியும். அக்கா படுக்கையில் இருந்தபோதே அது அவர் காதுக்குப் போய்விட்டது. உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. நிறுவனங்களுக்கு எங்கள் மேல் எரிச்சல், விளம்பரம் குறைகிறது, எங்கள் சம்பளமும் அதிலிருந்துதான் வருகிறது. எல்லாம் சரி. அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, அதைக் கட்டிக்காத்தவர் பெயரில் விருது கொடுப்பது எந்த ஊர் நியாயம் ஐயா?

அந்தப் பத்தி யாருக்கு வேண்டும் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

அக்காவின் நோய்க்குக் கையில் இருந்த மருந்துகள் எல்லாம் கைவிட்டுவிட்டன. இன்னும் சோதனையில் இருக்கும் ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். மாமாவும் மகளும் அவர் கையெழுத்துப் போடக் காத்திருந்தார்கள். நானும் அந்த அறையில் இருந்தேன். மூச்சு வாங்கும் நிலையிலும் அக்கா கேட்டார்: “டாக்டர், இது யார்கிட்டல்லாம் தோத்துச்சு?” மருத்துவர் திகைத்துப்போய் மாமாவைப் பார்த்தார். மாமா, “சொல்லிடுங்க டாக்டர், இல்லேன்னா விடமாட்டா,” என்றார். மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒளிக்காமல் சொன்னார். “உங்க நிலைமையில இருந்தவங்கள்ல நிறையப் பேருக்கு இது கேக்கலம்மா.” அக்காவின் முகம் தெளிந்தது. “அப்ப இது நிஜமான ஆராய்ச்சிதான். குடுங்க,” என்றார்.

அந்த மருந்து அவருக்கும் கேட்கவில்லை.

தோழர்களே, எங்கள் பெரியக்கா இப்போது அந்த ஆராய்ச்சியில் தோற்ற பக்கத்தில் இருக்கிறார். இந்தத் துக்கத்துக்கு என்னிடம் ஆறுதல் இல்லை. அந்த மருந்தைச் செய்யும் நிறுவனம் நம் புத்தகத்திலும் இருக்கிறது. புதிய முறைப்படி அவர்கள் செலவை மட்டும் நிரப்பிவிட்டுப் போய்விடலாம். பிழைத்தவர்களைப் பற்றி அவர்களே ஊரெங்கும் விளம்பரம் வைப்பார்கள். பிழைக்காதவர்களைப் பற்றி யார் கேட்பார்கள்? நாம் கேட்காவிட்டால் யார் கேட்பார்கள்?

நேற்று எங்கள் பிரிவு முழுவதும் உட்கார்ந்து பேசினோம். அந்தப் பத்தி இல்லாத புத்தகத்தில் எங்களில் ஒருவர்கூட வேலை செய்ய மாட்டார். ஐயா, எங்களை வேலையை விட்டு அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு. அதுவரை போன் எங்கள் கையில்தான் இருக்கும். நாளைக் காலை முதல் அழைப்பு அந்த மருந்து நிறுவனத்துக்கு, அதை நான் செய்கிறேன். எது தோற்றது என்று கேட்பேன். அவர்கள் பெயர் எதுவும் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. இத்தனை பேர் என்று ஓர் எண்ணிக்கை சொல்வார்கள். “போன வாரம் செத்துப்போன ஒரு அம்மாவையும் சேர்த்தா சொல்றீங்க?” என்று கேட்பேன். பதில் வரும் வரை போனை வைக்க மாட்டேன்.