சுவர் ஏறிக் குதித்தவர்

என் பெயர் வேதவல்லி. வயது அறுபத்திரண்டு. கணவர் பெயர் நந்தகுமார். சொந்த ஊர் மன்னார்குடி. ஏ.எஸ்.ராவ் நகரில் காலனிப் பூங்காவை ஒட்டிய தெருவின் கடைசி வீட்டில் குடியிருக்கிறேன். என் கணவர் மின்னணுத் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது. ஆகவே நான் தமிழில் சொல்லச் சொல்ல, தமிழ் தெரிந்த சித்தூர்க்காரரான தலைமைக் காவலர் முனிரத்னம் தெலுங்கில் எழுதிக்கொள்கிறார்.

இன்று எங்கள் வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்ததாகப் பிடித்து வைத்திருக்கும் நூர் முகமது எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். வாணியம்பாடியைச் சேர்ந்தவர். ஐ.டி. கம்பெனியில் வேலை. பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே வேலை செய்வார்.

சில வருடங்களுக்கு முன் என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. அதன் பிறகு ஒன்றிரண்டு சொற்கள் மட்டும் திரும்பி வந்தன. பிசியோதெரபிஸ்ட் பந்தைப் பிசையச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் கொல்லைப் பக்கம் தக்காளிச் செடிக்குக் குச்சி கட்டச் சொன்னால் வலது கையையும் சேர்த்துக்கொண்டு கட்டுவார். காலையில் அவர் எழுந்து நடந்ததே அந்தச் செடிகளுக்காகத்தான்.

போன வருடம் நூர் முகமது வீட்டு லானில் களைக்கொல்லி அடித்தார்கள். புல்லை விட்டுவிட்டு மற்ற இலைகளைக் கெடுக்கும் மருந்து அது. அதன் சாரல் காற்றில் சுவரைத் தாண்டி வந்து, எங்கள் தக்காளியும் கத்தரியும் இலை சுருண்டு வீணாயின. அதன் பிறகு என் கணவர் கொல்லைப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். நான் இதே காவல் நிலையத்தில் நூர் முகமது மீது புகார் எழுதிக் கொடுத்தேன்.

அதன் பிறகு நூர் முகமது தன் மனைவி சபீனாவுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். லான் வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்ததாகவும், மருந்து பக்கத்து வீடு வரை வரும் என்று தெரியாது என்றும் சொல்லி வருத்தப்பட்டார். தன் தாயாரிடமிருந்து வரவழைத்த அவரை விதைகளைக் கொடுத்தார். இனி எங்களிடம் சொல்லாமல் மருந்து அடிப்பதில்லை, காற்று வீசும் நாளில் அடிப்பதே இல்லை, அடிக்கும் அன்று நாங்கள் செடிகளைத் தார்ப்பாயால் மூடிவைப்பது என்று பேசிக்கொண்டோம். சாரல் பட்டுவிட்டால் காய்வதற்குள் இலைகளை நன்றாகக் கழுவிவிட வேண்டும் என்று நர்சரியில் விசாரித்து வந்து சொன்னவரும் அவரே. அவரைக்குப் பந்தல் போட்டபோது ஒரு பக்கக் கயிற்றை அவரும் மறு பக்கக் கயிற்றை என் கணவரும் கட்டினார்கள். பழைய புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

இன்று காலை என் கணவரை ஸ்கேன் எடுக்க அழைத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதன் பிறகு நடந்ததை சபீனா எனக்குச் சொன்னார். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் சொல்லாமல் வந்து சுவரோரமாக மருந்து அடிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மாடியில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த நூர் முகமது ஜன்னல் வழியாகப் பார்த்து, அப்படியே எழுந்து ஓடி வந்து நிறுத்தச் சொல்லியிருக்கிறார். அதற்குள் சாரல் எங்கள் பந்தல் மேல் விழுந்துவிட்டது. எனக்குப் போன் செய்திருக்கிறார். நான் ஸ்கேன் அறையில் போனை அணைத்து வைத்திருந்தேன். அதன் பிறகு அவர் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு, சுவர் ஏறிக் குதித்து, எங்கள் ஹோஸ் பைப்பால் செடிகளைக் கழுவியிருக்கிறார். திருட்டுக்குப் பயந்து நாங்கள் சுவர் மேல் பதித்திருந்த கண்ணாடிச் சில்லு அவர் உள்ளங்கையைக் கிழித்திருக்கிறது.

பூட்டிய வீட்டுக்குள் ஆள் குதித்ததைக் கண்ட காலனி வாட்ச்மேன் போலீஸை அழைத்திருக்கிறார். எனக்கும் பிறகு போன் செய்து, "சோர் மில் கயா மேடம்," திருடன் கிடைத்துவிட்டான் என்றார். நிலையத்தில் என் பழைய புகார் இருந்ததால், பகையை மனதில் வைத்துச் செடிகளுக்கு மருந்து அடிக்கத்தான் நூர் முகமது உள்ளே போனார் என்று சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

நானும் என் கணவரும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கே வந்தோம். நூர் முகமது ஈரச் சட்டையோடு, கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"ஆன்ட்டி, அவரை முழுக்க அடி இலை வரைக்கும் கழுவிட்டேன். கத்தரிதான் ஒரு வரிசை பாக்கி. அதுக்குள்ள பிடிச்சுட்டாங்க."

"கையில என்ன தம்பி இவ்வளவு ரத்தம்?" என்று கேட்டேன்.

"அது ஒண்ணும் இல்ல ஆன்ட்டி."

அதன் பிறகு தலைமைக் காவலர் என் கணவரிடம், அவர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார். என் கணவர் வெகுநேரம் முயன்று, "அவரை... அவரை..." என்றார். கொடியைச் சொல்கிறாரா, ஆளைச் சொல்கிறாரா என்று தலைமைக் காவலர் என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. என் கணவர் எழுந்து போய் நூர் முகமதுவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இதை எழுதும் இந்த நேரம் வரை அங்கிருந்து எழவில்லை.

நூர் முகமது எங்கள் வீட்டுக்குள் வந்ததில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. எதுவும் திருடு போகவில்லை. என் பழைய புகாரை இன்றோடு முடித்துவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவரை உடனே அனுப்பினால் கைக்குத் தையல் போட நானே அழைத்துச் செல்வேன். வாக்குமூலத்தில் நன்றி சொல்லும் வழக்கம் இல்லை என்று தலைமைக் காவலர் சொன்னார். இருந்தாலும் எழுதச் சொன்னேன். நூர் முகமதுவுக்கு நான் மிகவும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

மருந்து இலையில் ஏறியதா இல்லையா என்பது இன்னும் சில நாள் போனால்தான் தெரியும். பந்தல் முழுவதும் பட்டுப்போனாலும் இதில் ஒரு எழுத்தையும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, நான் சொன்னது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ந. வேதவல்லி