ஹிரசேயின் முத்திரை சாய்ந்த விதம்

தேநீருக்கு நன்றி. இந்த 1944-ஆம் வருடத்தில், ஜப்பானில், நிஜத் தேயிலையில் போட்ட தேநீரை நான் குடிப்பது இதுவே முதல் தடவை. விசாரணைக்கு வந்தால் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் முன்னதாகவே வந்திருப்பேன்.

நீங்கள் கேட்பது ஒரே கேள்வி. எங்கள் தரையிறங்கு கப்பல் ஜூன் ஒன்பதாம் தேதி பயிற்சியில் கவிழ்ந்தது. நூற்று அறுபத்திரண்டு பேர் செத்தார்கள். அந்தச் சாவுகளை யார் பெயரில் எழுதுவது? வடிவமைப்புப் பிரிவின் தலைவன் அரிமுராவாகிய என் பெயரிலா, கப்பலோடு மூழ்கிப்போன என் பொறியாளர் ஹிரசேயின் பெயரிலா? அவருடைய மனைவி தினமும் வந்து உங்கள் வாசலில் நிற்கிறார் என்று கேள்விப்பட்டேன். சொல்லிவிடுகிறேன். ஆனால் முதலில் கப்பலைப் புரிந்துகொள்ள வேண்டும்.

மற்றக் கப்பல்கள் கரையைக் கண்டால் பயப்படும். இது மணலில் போய் முட்டுவதற்கென்றே பிறந்தது. அடிப்பாகம் தட்டை. முன்பக்கம் ஒரு பெரிய கதவு. சங்கிலியை விட்டால் அதுவே சாய்ந்து பாலமாகிவிடும். பத்து டாங்கிகள் வரிசையாக இறங்கிப் போகலாம். திரும்பி வரும் வழியையும் யோசித்தேன்: கரையை நெருங்கும்போதே பின்பக்கம் ஒரு நங்கூரத்தைப் போட்டுவிடுவோம், பிறகு அதன் கயிற்றைச் சுருட்டினால் கப்பல் தன்னைத்தானே மணலிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். இதை நினைத்தால் எனக்கு இன்னமும் சந்தோஷமாக இருக்கிறது.

டாங்கிகள் ஓட வேண்டும் என்பதால் உள்ளே தளம் ஒரே வெளி. குறுக்கே சுவரே கிடையாது. சிக்கல் அங்கேதான். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள், சிந்தாது. அதே தண்ணீரை அகலமான தட்டில் ஊற்றி நடந்தால், கை கொஞ்சம் சரிந்ததும் மொத்தமும் அந்தப் பக்கமே ஓடி, கையை மேலும் சரிக்கும். முன்கதவு பெரிய அலையில் கசியும். தளத்தில் ஒரு சாண் தண்ணீர் சேர்ந்தால் போதும், கப்பல் புரண்டுவிடும்.

இதைக் கண்டுபிடித்தது ஹிரசே. மருந்தும் அவரே எழுதினார். நடுவில் நீளவாக்கில் இடுப்பளவு தடுப்பு ஒன்று. பக்கச் சுவர்களில், வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் வடிகால் மூடிகள். தளத்தின் அகலத்தை இரண்டாகப் பிரித்தால் ஆபத்து பாதியாகும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, கால்பங்காகிவிடும். அழகான கணக்கு. வேலைக்குப் பதினோரு நாள் கூடுதலாகும் என்று கடைசி வரியில் எழுதியிருந்தார். அந்த வரிதான் அழகாக இல்லை.

ஏனென்றால் கப்பலை மே இருபத்தேழு, கடற்படை நாளன்று ஒப்படைப்பதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். தளபதி நாகக்குரா என்னிடம் கேட்டது இவ்வளவுதான்:

"இருபத்தேழாம் தேதி கப்பல் தண்ணியில நிக்குமாய்யா, நிக்காதா?"

"நிக்கும் ஐயா."

"அது போதும்."

ஓடுமா என்று கேட்டிருந்தால் யோசித்திருப்பேன்.

எங்கள் அலுவலக நடைமுறை உங்களுக்குத் தெரியும். ஒரு தாள் மேசை மேசையாகப் போகும். ஒவ்வொருவரும் கையெழுத்துக்குப் பதில் தன் பெயர் முத்திரையைக் குத்த வேண்டும். பிரிவுத் தலைவனின் முத்திரை இல்லாத தாள் அடுத்த மேசைக்குப் போகாது. போகாத தாள் இல்லாத தாள். நான் ஹிரசேயின் தாளை நிராகரிக்கவில்லை. தயவுசெய்து அப்படி எழுதிவிடாதீர்கள். முத்திரை குத்தவில்லை, அவ்வளவே.

மூன்று வாரம் அவர் என் மேசைக்கு வந்துகொண்டே இருந்தார்.

"தலைவரே, அந்தத் தாள் உங்க மேசையிலேயே கெடக்கே. இன்னும் நாலு நாள் போனா முளை விட்டுடும்."

"விடட்டுமே ஹிரசே-சான். அரிசித் தட்டுப்பாட்டுக்கு ஆகும்."

"சிரிக்காதீங்க. ஆளு சாவான்."

"போர்க்கப்பல்ல ஏறுறவன் வேற எதுக்கு ஏறுறான்?"

அவர் சிரிக்கவில்லை. நகைச்சுவை உணர்வு குறைவான மனிதர்.

கடற்படை நாள் சிறப்பாக நடந்தது. கப்பல் தண்ணீரில் நின்றது. எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரமும் கிடைத்தது. ஜூன் ஒன்பதில் புங்கோ நீரிணை வரை பயிற்சி ஓட்டம். வடிவமைத்தவன் கப்பலில் ஏறியாக வேண்டும் என்பது வழக்கம். அன்று காலை வானிலைக் குறிப்பைப் பார்த்தேன். தெற்கிலிருந்து நீண்ட அலை. எனக்கு உடனே ஜலதோஷம் பிடித்தது. ஹிரசேயை அனுப்பினேன். தன் கணக்கு சரியா என்று நேரில் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு. எந்தப் பொறியாளன் வேண்டாம் என்பான்?

கிளம்பும் முன் "நீங்க வரலையா?" என்று மட்டும் கேட்டார். மூக்கைச் சிந்திக் காட்டினேன்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. கப்பல் புரள நான்கு நிமிடம் என்றார்கள் பிழைத்தவர்கள்.

செய்தி வந்ததும் அறையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன். பிறகு எல்லோரும் துறைமுகத்துக்கு ஓடினார்கள். எனக்கு ஜலதோஷமாயிற்றே, இருந்துவிட்டேன். அன்றாடத் தாள்களுக்காக ஆளுக்கொரு மர முத்திரையை எங்கள் இழுப்பறைகளில் விட்டுவைப்போம். ஹிரசேயின் இழுப்பறை பூட்டப்படவில்லை. 'தளத்தின் நிலைப்புத் தன்மை சோதிக்கப்பட்டது, மாற்றம் தேவையில்லை' என்று புதிய தாள் ஒன்று எழுதினேன். மே மாதத் தேதி போட்டேன். அவர் முத்திரையைக் குத்தி, பக்கத்தில் என்னுடையதைக் குத்தினேன். தலைவன் தன் ஆளை நம்பினான், ஆள் ஏமாற்றிவிட்டான். தாளைப் பார்ப்பவர்களுக்கு அப்படித்தானே தோன்றும்?

நீங்கள் நேற்று என் மேசைக்கு வந்து அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் கீழே இருப்பவர் தன் முத்திரையை மேலதிகாரியின் பக்கமாக லேசாகச் சாய்த்துக் குத்துவார், வணங்குவதுபோல. இருபது வருடப் பழக்கம். நான் தளபதிக்குச் சாய்ப்பேன், என் ஆட்கள் எனக்குச் சாய்ப்பார்கள். ஹிரசேயின் முத்திரையை என் கை தானாகவே மரியாதையாகச் சாய்த்துவிட்டது. "இந்தாளு குத்தின முந்நூறு தாள் பார்த்தாச்சு, ஒண்ணுலகூட வளையலையே. இதுல மட்டும் எப்படி உங்களைக் கும்பிட்டாரு?" என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. உயிரோடு இருந்தபோது ஒரு தடவைகூட எனக்கு வளையாதவர்தான்.

ஆகவே என் பெயரையே எழுதிக்கொள்ளுங்கள். தாளை நிறுத்தியது நான். அலை வருவது தெரிந்தே அவரை ஏற்றியது நான். முத்திரையும் நான். அவர் மனைவியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு இந்த மாதிரி விஷயங்களைப் பேச வராது.

ஒரே ஒரு வேண்டுகோள். இதே வகையில் இன்னும் ஆறு கப்பல்கள் கட்டுமானத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு நடுத்தடுப்பும் வடிகால் மூடிகளும் அவசியம். ஹிரசேயின் மூலத்தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் டாங்கியின் எடையை அரை டன் குறைவாகப் போட்டிருந்தார்; நேற்று உட்கார்ந்து திருத்திவிட்டேன். ஒரு பிழையோடு அவர் பெயரில் அது வெளியே போவது அவருக்கே அவமானம் என்பதால், தயாரித்தவர் என்ற இடத்தில் என் முத்திரையை வைத்திருக்கிறேன்.