பொல்லாப்பு எனக்கெதுக்கு என்று இரண்டு முறை சொன்னது பற்றி

பெயர்: பாண்டீஸ்வரன், வயது 56, த/பெ. சின்னக்கருப்பு (காலமானார்), தேரடித் தெரு, கோம்பை, உத்தமபாளையம் வட்டம், தேனி மாவட்டம். படிப்பு: எம்.எஸ்ஸி., பி.எட். தொழில்: முதுகலை இயற்பியல் ஆசிரியர். 16.11.2005 அன்று காலை 11 மணிக்கு யாரும் அழைக்காமல் நானே காவல் நிலையம் வந்து கொடுக்கும் வாக்குமூலம்.

நான் மேற்கண்ட முகவரியில் சொந்த வீட்டில் குடியிருந்து வருகிறேன். என் மனைவி பஞ்சம்மாளுக்கு 2002-ஆம் ஆண்டு பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. என் வீட்டின் பின்கட்டில் தனியாக ஒரு ஓட்டு வீடு உண்டு. அதில் நான்கு ஆண்டுகளாக வாடகைக்குக் குடியிருந்தவர் பூமாரி, வயது 34. கணவர் கேரளாவுக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டதால் அவர் தனியாக வசித்துவந்தார். உத்தமபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் உதவிச் செவிலியராக வேலை பார்த்தார். தினமும் வேலைக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் என் மனைவியைக் குளிப்பாட்டுவதும், உடை மாற்றுவதும், படுக்கைப் புண் வராமல் இரவில் இரண்டு முறை வந்து புரட்டிப் போடுவதும் பூமாரிதான். இதற்கு நான் கூலி கொடுத்ததில்லை. அவரும் கேட்டதில்லை.

கடந்த ஆகஸ்டு மாதம் பூமாரி என்னிடம் வந்து, "வாத்தியாரண்ணே, மேக்குச் சுவரு வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது, வந்து பாருங்க" என்றார். நான் போய்ப் பார்த்தேன். அது செங்கல் முகப்பு வைத்த மண்சுவர், மேலிருந்து கீழாக விரிசல் விட்டிருந்தது. அதன்பிறகு 20.08.2005 அன்று பழைய இயற்பியல் வினாத்தாளில் ஒரு விரல் அகலத் துண்டு கிழித்து விரிசலின் குறுக்கே பசை போட்டு ஒட்டினேன். தாள் கிழிந்தால் சுவர் நகர்கிறது என்று பொருள். செப்டம்பர் 3-ஆம் தேதி பார்த்தபோது தாள் கிழிந்திருந்தது. கிழிந்ததைப் பூமாரியிடம் சொல்லவில்லை. தீபாவளி கழித்துக் கொத்தனாரை வரச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். சுவரை இடித்துக் கட்டுவதென்றால் ஒரு மாதமாவது அவர் வேறு வீட்டில் இருக்க வேண்டும். போனால் திரும்பி வரமாட்டார் என்று கணக்கிட்டேன்.

அதன்பிறகு பூமாரி தாமே உத்தமபாளையத்தில் ஒரு தளம் போட்ட வீட்டைப் பார்த்துவைத்தார். எங்கள் பக்கத்தில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கொடுப்பவர் பழைய வீட்டுக்காரரிடம் விசாரிக்காமல் கொடுப்பதில்லை. விசாரிக்கும்போது யாரும் வாய்விட்டுக் குறை சொல்வதுமில்லை. "எனக்கெதுக்குங்க பொல்லாப்பு" என்பார்கள். அதைக் கேட்டவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் எழுந்து போய்விடுவார். சொன்னவர் பொய் சொன்னதாகவும் ஆகாது. பெண் பார்ப்பதிலும் இதுதான் வழக்கம், வீடு விடுவதிலும் இதுதான்.

11.09.2005 ஞாயிறு காலை அந்த வீட்டின் உரிமையாளர் சுருளிவேல் என்பவர் என் வாசலுக்கு வந்து, "சார், பூமாரின்னு ஒரு பொம்பள ஒங்க வீட்டுல இருக்காமுல்ல, எப்பிடி? நம்பி வீட்டை விடலாமா?" என்று கேட்டார். நான், "வேலையெல்லாம் நல்லாத்தான் பாக்கும். மத்தபடி எனக்கெதுக்குங்க பொல்லாப்பு" என்றேன். அவர், "போதும் சார். படிச்சவுக வாயில இதுக்கு மேல என்னத்த வரும். நல்லவேளை, தப்பிச்சேன்" என்று என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பூமாரி அன்று மாலை என் மனைவிக்குத் தலை துவட்டிக்கொண்டே, "அந்த வீடு அமையல அண்ணே. நீங்க நல்லபடியாத்தான் சொல்லிருப்பீக. என் நேரம்" என்றார். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். தாளை மடிக்கவில்லை.

அதன்பிறகு பூமாரி இரண்டாவதாக ஒரு வீடு பார்த்தார். அதன் உரிமையாளர் ஜெபமணி அம்மாள், 09.10.2005 ஞாயிறு மதியம் கோயிலுக்குப் போய்வந்த கையோடு எனக்குத் தொலைபேசியில் பேசினார். "ராத்திரி நேரத்துல வெளிய தெருவ போற பொண்ணான்னு மட்டும் சொல்லுங்க தம்பி, எங்க காம்பவுண்டுல குடும்பங்க இருக்கு" என்றார். பூமாரி இரவில் கதவைத் திறந்து போன ஒரே இடம் என் மனைவியின் கட்டில். நான், "அதையெல்லாம் நான் கவனிக்கிறதில்லைங்கம்மா. எனக்கெதுக்குப் பொல்லாப்பு" என்றேன். தொலைபேசி என் மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவருக்குப் பேச்சுத்தான் போயிற்று, காது போகவில்லை. அன்று மாலை நான் ஊட்டிய கஞ்சியை அவர் விழுங்கவில்லை. பூமாரி வந்து ஊட்டிய பின் குடித்தார்.

அதற்குப்பின் பூமாரி வீடு தேடவில்லை. கட்டிலை மட்டும் மேற்குச் சுவரிலிருந்து கிழக்கே இழுத்துப் போட்டுக்கொண்டார். தீபாவளி போயிற்று. கொத்தனாருக்கு நான் சொல்லி அனுப்பவில்லை. மழை விடாமல் பெய்தது. 12.11.2005 சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு பூமாரி வேலைக்குக் கட்டிப்போகும் வெள்ளைச் சேலையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மேற்குச் சுவர் உள்பக்கமாகச் சரிந்தது. நானும் தெருவாரும் மண்ணை அள்ளி அவரை வெளியே எடுத்தோம். தேனி அரசு மருத்துவமனையில் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

14-ஆம் தேதி காவலர்கள் மருத்துவமனைக்குச் சென்று விசாரித்தபோது, மழையால் சுவர் விழுந்தது, வீட்டுக்காரர் மீது குற்றம் இல்லை என்று பூமாரி சொல்லியிருக்கிறார். நேற்று நான் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீக அண்ணே, ஒங்க மேல ஒண்ணும் வராது, நான் சொல்லிட்டேன். அக்காவைப் புரட்டிப் போட ஒரு ஆளு வச்சுக்கங்க" என்றார். அதன்பிறகு, "இனியாச்சும் வேற வீடு பாக்கணும். யாரும் விசாரிக்க வந்தா ஒங்க வாயால நல்லபடியா ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. மாடி வேணாம், தரை வீடாப் போதும்" என்றார். ஒரு கால் போன பின்பும் என்னிடம் நற்சொல் வாங்கியாக வேண்டிய இடத்தில்தான் அவரை நான் வைத்திருக்கிறேன் என்பதால் அவர் சொன்னதை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதை எழுதிவரும் தலைமைக் காவலர், "மழையில விழுந்த சுவரு சார். ஒங்க தலையில நீங்களே எதுக்கு மண்ணள்ளிப் போடுறீக?" என்றார். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். "தெரியாமல்", "எதிர்பாராமல்" என்று அவர் எழுதியிருந்த இரண்டு சொற்களை அடிக்கச் சொல்லி, அடித்த இடத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன். கிழிந்த வினாத்தாள் துண்டு இடிபாட்டில் கிடைத்தது. அதை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

என்னிடம் இரண்டு பேர் கேட்ட கேள்விக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. பூமாரி நான்கு ஆண்டுகளில் ஒரு மாதம்கூட வாடகை தவறியதில்லை. வீட்டைச் சுத்தமாக வைத்திருந்தார். அவரைப் பற்றி ஒரு சொல் குறை சொல்ல எனக்கோ இந்தத் தெருவில் வேறு எவருக்குமோ எதுவும் இல்லை. அவரை நம்பி வீடு விடலாம். இந்தத் தாளின் நகல் ஒன்றை அவரிடம் கொடுக்க வேண்டும். இனி அவருக்கு வீடு கொடுப்பவர் யாரும் என் வாசலுக்கு வந்து கேட்க வேண்டியதில்லை.

மேலே எழுதியவற்றை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் வாங்கி மறுபடி ஒருமுறை நானே படித்தேன். நான் சொன்னபடியே இருக்கிறது. எல்லாம் உண்மை. யாருடைய வற்புறுத்தலும் இல்லை.

(ஒப்பம்)
சி. பாண்டீஸ்வரன்
16.11.2005